கிறிஸ்துமஸ் சீஸ்–பழத் தட்டு: 12 பேருக்கு, கடையிலிருந்து மேசை வரை

பிரிட்டனில் டிசம்பர் பிறந்துவிட்டால் அலுவலகத்திலோ பக்கத்து வீட்டிலோ ஒரு கிறிஸ்துமஸ் விருந்து இருக்கும். சாப்பாடு முடிந்ததும் சீஸும் பழமும் அடுக்கிய பலகை ஒன்று மேசை நடுவில் வந்து உட்காரும். அந்தப் பலகையை இந்த முறை நீங்கள்தான் கொண்டுவர வேண்டும் என்றால், இந்தக் கட்டுரை உங்களுக்கு.

பார்க்க அலங்கார வேலை போலத் தெரியும். ஆனால் தட்டு கெட்டுப்போவது அலங்காரத்தில் இல்லை. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு வைத்த சீஸ் ருசிக்காது. பழத்தின் ஈரம் பட்ட பிஸ்கட் நமுத்துப்போகும். குளிர், ஈரம் இரண்டையும் சமாளித்துவிட்டால் அடுக்குவது எளிது. கீழே உள்ள அளவுகளெல்லாம் 12 பேருக்கு, சாப்பாட்டுக்குப் பின் கொறிக்கும் கணக்கில்.

1. யார் யார் வருகிறார்கள் என்று முதலில் கேளுங்கள்

கடைக்குப் போகும் முன்பே செய்ய வேண்டியது இது. தலைக்கு எவ்வளவு என்பது எந்த நேரத்தில் வைக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. சாப்பாட்டுக்குப் பின் என்றால் ஒருவருக்கு 70 முதல் 80 கிராம் சீஸ். வேறு சாப்பாடே இல்லை, தட்டுதான் சாப்பாடு என்றால் 130 முதல் 150 கிராம்.

அடுத்து, யாருக்கு எது ஆகாது என்று கேளுங்கள். சைவமா, கொட்டைகள் ஒவ்வாதா, கோதுமை ஆகாதா, கர்ப்பிணி யாராவது உண்டா, ஐந்து வயதுக்குக் கீழ் குழந்தை உண்டா. இந்த ஐந்து கேள்வியையும் குழுச் செய்தியில் ஒரு வாரம் முன்பே போட்டுவிடுங்கள்.

கர்ப்பிணிகள் விஷயத்தில் பிரிட்டனின் தேசிய சுகாதாரச் சேவை தெளிவாகவே சொல்கிறது: வெள்ளைத் தோல் உள்ள ப்ரீ, கமம்பேர், அதே போன்ற தோலுள்ள ஆட்டுப்பால் சீஸ், மென்மையான நீல சீஸ் ஆகியவற்றை ஆவி பறக்கச் சூடாக்காமல் சாப்பிடக்கூடாது. லிஸ்டீரியா என்ற கிருமிதான் காரணம். செடார் போன்ற கெட்டி சீஸ் சாப்பிடலாம், ஸ்டில்டனும் சாப்பிடலாம். அதனால் ப்ரீயை ஒரு ஓரத்தில் தனிக் கத்தியோடு வையுங்கள். ப்ரீ வெட்டிய கத்தியால் செடாரை வெட்டினால் பிரித்து வைத்ததற்கே பொருளில்லை.

2. நான்கு சீஸ் போதும்

ஏழெட்டு வகை வாங்கினால் ஒவ்வொன்றும் கையளவுதான் இருக்கும், தட்டு சந்தைக்கடை மாதிரி ஆகிவிடும். கெட்டி ஒன்று, மென்மை ஒன்று, நீலம் ஒன்று, எல்லோருக்கும் பிடித்தது ஒன்று. முதல் முறை செய்பவர்களுக்கு நான் பரிந்துரைப்பது:

- முதிர்ந்த செடார், 300 கிராம். உறையில் ‘எக்ஸ்ட்ரா மெச்சூர்’ என்று இருக்கட்டும். ‘மைல்ட்’ வேண்டாம், பழத்தின் இனிப்புக்கு முன் அது நிற்காது.
- சாமர்செட் ப்ரீ, 250 கிராம். இங்கிலாந்தின் சாமர்செட் பகுதியில் செய்யும் மென்மையான சீஸ்.
- ஸ்டில்டன், 200 கிராம். நீல நரம்போடிய இந்த சீஸ்தான் இங்கே கிறிஸ்துமஸின் அடையாளம். டார்பிஷர், லெஸ்டர்ஷர், நாட்டிங்ஹாம்ஷர் ஆகிய மூன்று மாவட்டங்களில், பாஸ்டரைஸ் செய்த பாலில் தயாரானதற்கு மட்டுமே இந்தப் பெயர் போடலாம்.
- கிரான்பெர்ரி சேர்த்த வென்ஸ்லிடேல், 200 கிராம். இனிப்பும் புளிப்பும் கலந்தது. சீஸ் பழகாதவர்களும் குழந்தைகளும் முதலில் கை வைப்பது இதில்தான்.

மொத்தம் 950 கிராம். நீல சீஸ் யாருக்கும் வேண்டாம் என்று உறுதியாகத் தெரிந்தால் அதன் இடத்தில் ரெட் லெஸ்டர் வாங்குங்கள். அதன் ஆரஞ்சு நிறம் அனாட்டோ விதையிலிருந்து வருவது. தட்டில் நிறத்துக்கும் உதவும்.

துண்டு போட்டு விற்கும் ‘பார்ட்டி க்யூப்’ பெட்டிகளைத் தொடாதீர்கள். வெட்டிய முகங்களெல்லாம் காய்ந்து ரப்பர் போல இருக்கும், எடைக்கு எடை விலையும் கூடுதல்.

3. உறையைத் திருப்பிப் படியுங்கள்

நம்மில் பலர் சறுக்குவது இங்கேதான். பாலில் செய்தது, ஆகவே சைவம் என்று நினைத்து வாங்கிவிடுகிறோம். பாலைத் திரிய வைக்கும் ரெனெட் என்ற நொதி பல சீஸ்களில் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கப்படுகிறது. பார்மிஜானோ ரெஜானோ, கார்கோன்சோலா, கொம்தே, சுவிஸ் க்ருயேர், ரோக்ஃபோர் ஆகியவை மரபு விதிப்படியே விலங்கு ரெனெட்டில் செய்யப்படுபவை. இவற்றில் சைவ வகை தேடிப் பயனில்லை.

பிரிட்டிஷ் சூப்பர் மார்க்கெட் செடார்களில் பெரும்பாலானவை சைவ ரெனெட்டில் செய்தவை. ப்ரீயில் பிரெஞ்சு வகைகளை நம்ப முடியாது. மேலே சாமர்செட் ப்ரீ என்று எழுதியது அதற்காகத்தான். ஸ்டில்டனில் இரண்டு விதமும் உண்டு. எதுவானாலும் ‘சூட்டபிள் ஃபார் வெஜிடேரியன்ஸ்’ என்ற வரியோ பச்சை நிற ‘வி’ குறியோ உறையில் இருக்க வேண்டும். இல்லையென்றால் திரும்ப வைத்துவிடுங்கள். முஸ்லிம் நண்பர்கள் வருவதானாலும் சைவ ரெனெட்தான் சிக்கலில்லாத வழி. போர்ட் ஒயின் ஊறிய சீஸையும், பொருள் பட்டியலில் ஒயின் உள்ள சட்னியையும் அப்போது தவிர்க்க வேண்டும்.

அடுத்து தேதி. ‘யூஸ் பை’ என்பது பாதுகாப்புக் கெடு. அதைத் தாண்டினால் சாப்பிடக்கூடாது. ‘பெஸ்ட் பிஃபோர்’ என்பது தரத்துக்கான தேதி மட்டுமே. ப்ரீ தோலிலிருந்து உள்நோக்கிக் கனிவது. கெடு வெகு தூரத்தில் உள்ள ப்ரீயின் நடுவில் சுண்ணாம்புக் கட்டி போல வெள்ளையாக, சுவையற்று இருக்கும். விருந்து நாளுக்கு மூன்று நான்கு நாள் பின்னால் கெடு முடிகிற ப்ரீயைத் தேடி எடுங்கள். நடுவில் விரலால் அழுத்தினால் மெல்ல அமுங்க வேண்டும். மூக்கில் ஏறும் அமோனியா நெடி அடித்தால் அது கனிவைத் தாண்டிவிட்டது.

ஒவ்வாமைக்குரிய 14 பொருட்களை இங்கே விற்கும் உறைகளில் தடித்த எழுத்திலோ வேறு வகையிலோ எடுப்பாகக் காட்டியிருப்பார்கள். உறைகளைத் தூக்கிப் போடும் முன் ஒவ்வொன்றையும் போன் கேமராவில் படம் எடுத்து வையுங்கள். விருந்தில் யாராவது “இதில் என்ன இருக்கிறது?” என்று கேட்டால் காட்டிவிடலாம்.

4. பழம்: எதைச் சேர்ப்பது, எதை ஒதுக்குவது

முதலில் ஒதுக்க வேண்டியவை. அன்னாசி, பப்பாளி, கிவி மூன்றிலும் புரதத்தைச் சிதைக்கும் நொதிகள் உள்ளன. பச்சையாக வெட்டி சீஸ் மேல் சாய்த்து வைத்தால் அரை மணி நேரத்தில் சீஸின் முகம் குழைந்து கசக்கத் தொடங்கும். தர்பூசணி தண்ணீர் விட்டுத் தட்டையே குளமாக்கும். வாழைப்பழம் கறுக்கும். இவற்றை வைத்தே தீரவேண்டும் என்றால் தனிக் கிண்ணத்தில் வையுங்கள்.

சேர்க்க வேண்டியவை, அளவோடு:

- விதையில்லாத திராட்சை, கறுப்பும் பச்சையுமாக 600 கிராம்
- பேரிக்காய் 3, ஆப்பிள் 2
- கிளமென்டைன் ஆரஞ்சு 6
- உலர் அத்தி 150 கிராம், உலர் ஆப்ரிகாட் 150 கிராம்
- மாதுளை 1

திராட்சையை முதல் நாள் இரவே கழுவி, பழைய வேட்டித் துணியில் பரப்பிக் காயவிடுங்கள். கழுவிய சூட்டோடு தட்டில் வைத்தால் காம்புகளுக்குள் ஒளிந்திருக்கும் தண்ணீர் சொட்டிச் சொட்டி பிஸ்கட்டைக் கெடுக்கும். முழுக் குலையாகவும் வைக்காதீர்கள். பத்துப் பேர் பிய்த்தபின் வெறும் காம்புதான் நிற்கும். ஐந்து முதல் ஏழு பழம் உள்ள சிறு கொத்துகளாகக் கத்தரிக்கோலால் நறுக்கினால் ஒருவர் ஒரு கொத்தை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுவார். ஐந்து வயதுக்குக் கீழ் குழந்தைகளுக்குத் தருவதை நீளவாக்கில் நான்காகக் கீறித் தனியே வையுங்கள். முழுத் திராட்சை தொண்டையை அடைக்கும். அதே வயதுக் குழந்தைகளுக்கு முழுக் கொட்டைகளும் கூடாது.

கடையில் பேரிக்காய் கல் மாதிரிதான் கிடைக்கும். விருந்துக்கு நான்கைந்து நாள் முன்பே வாங்கி, ஒரு வாழைப்பழத்தோடு காகிதப் பையில் போட்டு வெளியே வையுங்கள். வாழைப்பழம் விடும் எத்திலீன் வாயு அதைக் கனிய வைக்கும். காம்பை ஒட்டிய இடத்தில் அழுத்தினால் சற்றே அமுங்க வேண்டும், அதுதான் பதம். வயிற்றுப் பகுதி அமுங்குகிற வரை காத்திருந்தால் உள்ளே கூழாகியிருக்கும். பதம் வந்ததும் ஃப்ரிட்ஜுக்கு மாற்றுங்கள். ஸ்டில்டனோடு கனிந்த பேரிக்காய்த் துண்டு ஒன்றைச் சேர்த்துச் சாப்பிடுவது இந்தத் தட்டிலேயே மிகச் சிறந்த வாய். அதற்காக இந்த நான்கு நாள் பொறுமை தகும்.

ஆப்பிள், பேரிக்காய் இரண்டும் வெட்டியதும் பழுப்பாகும். அரை லிட்டர் தண்ணீரில் எலுமிச்சைச் சாறு ஒரு மேசைக்கரண்டி கலந்து, துண்டுகளை மூன்று நிமிடம் ஊறவிட்டு, எடுத்துத் துணியில் ஒற்றுங்கள். ஒற்றுவதை விட்டுவிடாதீர்கள், பிறகு ஈரம் வந்துவிட்டதே என்று வருந்த நேரும். தோல் சீவ வேண்டாம்.

மாதுளை முத்துகளைச் சிறு கிண்ணத்தில் வையுங்கள். தட்டில் தூவினால் ப்ரீயின் வெள்ளைத் தோலெல்லாம் சிவப்புக் கறை. உலர் ஆப்ரிகாட் பளிச்சென்ற ஆரஞ்சு நிறத்தில் இருந்தால் சல்ஃபர் டையாக்சைடு சேர்த்தது. ஆஸ்துமா உள்ளவர்களில் சிலருக்கு அது ஆகாது. பழுப்பாக, சற்று அழுக்கு நிறத்தில் கிடைப்பது சேர்க்காத வகை.

5. மொறுமொறுப்பும் தொட்டுக்கொள்ளவும்

கிராக்கர் பிஸ்கட் ஒருவருக்கு ஆறு என்று வையுங்கள், 70 முதல் 80 வரும். பாதி, உப்பு மட்டும் உள்ள சாதா வகையாக இருக்கட்டும். பூண்டு, மிளகு, மூலிகை போட்டவை சீஸின் ருசியை அமுக்கிவிடும். வாதுமை, வால்நட் கலந்து 250 கிராம், தனிக் கிண்ணத்தில். வெங்காயச் சட்னி ஒரு சிறு பாட்டில். இங்கே இனிப்பாக விற்கும் மாங்காய்ச் சட்னியும் செடாருக்கு நன்றாகச் சேரும். ஸ்டில்டனுக்குத் தேன் இரண்டு கரண்டி, ஆனால் ஒரு வயதுக்குக் கீழ் குழந்தைக்குத் தேன் கொடுக்கவே கூடாது.

கோதுமை ஆகாதவர்களுக்கு நம் வீட்டு அரிசி முறுக்கு வைக்கலாமே என்று தோன்றும். நல்ல யோசனைதான், ஓர் ஆபத்தும் உண்டு: கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தூளில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும். பெருங்காயம் போடாமல், காரம் குறைத்துச் செய்ததையோ ‘குளூட்டன் ஃப்ரீ’ என்று எழுதிய கிராக்கரையோ தனித் தட்டில் வையுங்கள். பக்கத்துக் கிராக்கரின் தூள் விழுந்தாலே சீலியாக் நோய் (கோதுமையிலுள்ள குளூட்டன் ஆகாத நோய்) உள்ளவருக்குத் தொல்லை.

6. செலவு

சூப்பர் மார்க்கெட் சொந்தத் தயாரிப்புகளாக வாங்கினால் சீஸ் 12 முதல் 16 பவுண்ட், பழங்கள் 12 பவுண்ட் அளவில், பிஸ்கட்டும் கொட்டையும் சட்னியும் 10 முதல் 12 பவுண்ட். ஆக மொத்தம் 35 முதல் 40 பவுண்டுக்குள் முடிக்கலாம். தனி சீஸ் கடைக்குப் போனால் சீஸுக்கு மட்டுமே இரண்டு மூன்று மடங்கு ஆகும். கையில் கூடுதலாக 10 பவுண்ட் இருந்தால் அதை ஸ்டில்டனுக்கும் செடாருக்கும் செலவழியுங்கள், அலங்காரத்துக்கு வேண்டாம். உலர் பழமும் கொட்டையும் நம் ஊர் மளிகைக் கடைகளில் பெரிய பொட்டலமாகச் சல்லிசாகக் கிடைக்கும்.

7. எந்த நாளில் எது

கிறிஸ்துமஸ் அன்று இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பெரிய கடைகள் திறக்கச் சட்டமே அனுமதிக்காது. 24ஆம் தேதி மாலையில் சீக்கிரமே மூடிவிடுவார்கள், அதற்குள் ஸ்டில்டன் அலமாரி காலியாகியிருக்கும். 25ஆம் தேதி விருந்து என்றால்:

- 20: பேரிக்காய், உலர் பழம், கொட்டை, பிஸ்கட், சட்னி.
- 22: சீஸ் நான்கும், மற்ற பழங்களும்.
- 24 இரவு: திராட்சை கழுவிக் காயவைத்தல், கிண்ணங்களையும் கத்திகளையும் எடுத்து வைத்தல், வெறும் பலகையில் இடம் குறித்துப் பார்த்தல்.
- 25, பரிமாற 90 நிமிடம் முன்: சீஸைக் குளிராக இருக்கும்போதே வெட்டுதல்.
- 60 நிமிடம் முன்: சீஸையும் கிண்ணங்களையும் பலகையில் வைத்து, ஈரமில்லாத சுத்தமான துணியால் மூடுதல்.
- 20 நிமிடம் முன்: ஆப்பிள், பேரிக்காய் வெட்டுதல், பழங்களை அடுக்குதல்.
- 10 நிமிடம் முன்: பிஸ்கட்.

அந்த ஒரு மணி நேரத்தைக் குறைக்காதீர்கள். ஃப்ரிட்ஜின் 4, 5 டிகிரியில் சீஸின் கொழுப்பு இறுகிக் கிடக்கும், வாசனை வெளியே வராது, நாக்கில் மெழுகு போல ஒட்டும். அறைச் சூட்டுக்கு வந்தால்தான் ப்ரீ இளகும், செடாரின் புளிப்பு தெரியும். ஹீட்டர் பக்கத்தில் வைத்து அவசரப்படுத்தினால் எண்ணெய் வியர்த்துவிடும்.

வேறு வீட்டுக்கு எடுத்துப் போவதானால் அடுக்கிய தட்டைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். எல்லாவற்றையும் தனித்தனி டப்பாக்களில் கொண்டுபோய் அங்கே அடுக்குங்கள். 25ஆம் தேதி லண்டன் டியூப் ஓடாது, ரயிலும் கிடையாது என்றே எண்ணித் திட்டமிடுங்கள். காருக்கு முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

8. வெட்டுவது

ஒவ்வொரு சீஸிலும் பாதியை வெட்டி, பாதியை முழுதாக விடுங்கள். எல்லாவற்றையும் வெட்டினால் காயும். முழுதாகவே வைத்தால் முதலில் வெட்டக் கூச்சப்பட்டு யாரும் தொடமாட்டார்கள்.

செடாரை விரல் நீளத்துக்கு, அரை சென்டிமீட்டர் கனத்தில் செவ்வகங்களாக வெட்டுங்கள். ப்ரீயைக் கேக் வெட்டுவது போல நடுவிலிருந்து விளிம்புக்கு முக்கோணமாக. ஒவ்வொரு துண்டிலும் நடுப்பகுதியும் தோலும் வரவேண்டும், முனையை மட்டும் நறுக்கினால் நல்ல பகுதி முதல் ஆளோடு போய்விடும். அதன் வெள்ளைத் தோலைச் சாப்பிடலாம் என்று புதியவர்களிடம் சொல்லுங்கள். ஸ்டில்டன் உதிரும். அதை வெட்ட முயலாமல் ஒரு பாதியைக் கட்டிகளாக உதிர்த்துவிடுங்கள். வென்ஸ்லிடேல் கிரான்பெர்ரி இருக்கும் இடத்தில் பிளக்கும். ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியை வெந்நீரில் நனைத்துத் துடைத்துவிட்டு வெட்டினால் பிளவு குறையும்.

9. அடுக்குவது

30க்கு 45 சென்டிமீட்டர் மரப்பலகை போதும். இல்லையா, வீட்டில் இருக்கும் எவர்சில்வர் தாம்பாளம் அருமையாகப் பொருந்தும். வட்டமாக இருப்பதால் கிறிஸ்துமஸ் மலர்வளையம் போல அடுக்க இன்னும் தோது. பித்தளைத் தாம்பாளம் வேண்டாம். பழத்தின் அமிலம் பட்டால் களிம்பு ஊறும்.

வரிசை முக்கியம். முதலில் கிண்ணங்கள்: சட்னி, தேன், மாதுளை, கொட்டை. அடுத்து நான்கு சீஸும் நான்கு மூலைகளில், வட்டத் தட்டானால் கடிகாரத்தின் 12, 3, 6, 9 திசைகளில். ப்ரீயும் ஸ்டில்டனும் எதிரெதிரே இருக்கட்டும். ஒவ்வொரு சீஸைச் சுற்றியும் கத்தி புழங்க நான்கு விரல் இடம் விடுங்கள். மூன்றாவதாகத் திராட்சைக் கொத்துகள், சீஸுக்கும் பிஸ்கட்டுக்கும் நடுவே வரம்பாக. வெட்டிய ஆப்பிளும் பேரிக்காயும் ஸ்டில்டன் பக்கம். உலர் பழங்கள் ஈரம் விடாதவை என்பதால் அவற்றை எங்கு வேண்டுமானாலும் சீஸோடு ஒட்டி வைக்கலாம். கிளமென்டைன்களில் இரண்டை மட்டும் உரித்துச் சுளையாக்குங்கள், மற்றவை தோலோடு. கடைசியாக பிஸ்கட், வெட்டிய பழத்திலிருந்து எட்டி.

பச்சைக்கு ரோஸ்மேரிக் குச்சிகளை ஓரமாகச் செருகுங்கள். சீஸுக்கு அடியில் போட்டால் அதன் வாசனை ஏறிவிடும். ஹாலி, மிசில்டோ, ஐவி இலைகளையும் காய்களையும் தட்டில் வைக்கவே வேண்டாம். கிறிஸ்துமஸ் அட்டைகளில் அழகாக இருப்பவைதான், ஆனால் விஷத்தன்மை உள்ளவை. சிவப்பாக இருப்பதை எல்லாம் பழம் என்று குழந்தை வாயில் போட்டுக்கொள்ளும்.

நான்கு சீஸுக்கும் நான்கு கத்தி. பெயர் எழுதிய சிறு அட்டைகளைக் குத்தி வையுங்கள், சைவ ரெனெட் என்றால் அதையும் எழுதுங்கள். சைவ விருந்தினர் ஒவ்வொருவரும் தனித்தனியாக உங்களிடம் வந்து கேட்கத் தேவையிருக்காது.

10. மேசையிலிருந்து எடுத்த பின்

வெளியே நான்கு மணி நேரம், அதுதான் எல்லை. இரவு முழுக்கக் கொறிக்கும் கூட்டமானால் தொடக்கத்திலேயே பாதியை மட்டும் வைத்து, காலியாகக் காலியாக நிரப்புங்கள்.

மிஞ்சிய செடாரையும் ஸ்டில்டனையும் மெழுகுத்தாளில் சுற்றி டப்பாவில் போட்டு ஃப்ரிட்ஜில் வையுங்கள். கிளிங் ஃபிலிமில் இறுக்கிச் சுற்றினால் வியர்த்துப் பிசுபிசுக்கும். செடாரில் பின்னர் பூஞ்சை கண்டால் சுற்றிலும் இரண்டரை சென்டிமீட்டர் வெட்டியெறிந்துவிட்டு மிச்சத்தைப் பயன்படுத்தலாம். ப்ரீயில் அதன் இயல்பான வெள்ளையைத் தவிர வேறு பூஞ்சை வந்தால் மொத்தமாக எறியுங்கள். நல்லபடி மிஞ்சிய ப்ரீயை இரண்டு நாளுக்குள் தீர்த்துவிடுங்கள். ஸ்டில்டனை உதிர்த்து ஃப்ரீசரில் போட்டால் சூப்புக்கு ஆகும், ஆனால் மறுபடி தட்டில் வைக்க முடியாது. நமுத்த பிஸ்கட்டை 150 டிகிரி ஓவனில் ஐந்து நிமிடம் வைத்து ஆறவிட்டால் திரும்ப மொறுமொறுப்பாகும்.